வீட்டுப் பட்டறைக்கு மில்லிங் மெஷின்... வாங்கும் முன் தூக்கிப் பாருங்கள்!

சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும்போது ஒரு மெஷின் வயலில் நின்றுபோக, பல நேரங்களில் ஒரு சின்னப் பள்ளமே காரணமாகிவிடும். ஷாஃப்ட்டும் அதன்மேல் மாட்டியிருக்கும் புல்லியும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். அதற்காக ஷாஃப்ட்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, ‘கீ’ என்று சொல்லப்படும் இரும்புக் கட்டையைப் பொருத்தியிருப்பார்கள். அந்தக் கீ ஆட ஆரம்பித்துவிட்டால், ஷாஃப்ட் சுற்றும். புல்லி சும்மா நிற்கும். கதிர் சாய்ந்து கிடக்கும். வானத்தைப் பார்த்தால் மேகம் கறுத்துக்கொண்டு வரும்.

திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள ஊர்களில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. விசாரித்தால் லேத் பட்டறையும் கிடைக்கும். ஆனால், அந்தப் பள்ளத்தைப் புதிதாக, அளவு பிசகாமல் வெட்ட மில்லிங் மெஷின் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் கும்பகோணத்துக்கு ஓட வேண்டும். இன்னும் சிக்கலான வேலை என்றால் திருச்சி துவாக்குடி, அதையும் தாண்டினால் கோவை.

“அந்த மெஷினை நாமே ஒன்று வாங்கி வீட்டிலேயே போட்டுவிட்டால் என்ன?” என்கிற யோசனை இங்கேதான் பிறக்கிறது. ஐ.டி.ஐ-யில் மெஷினிஸ்ட் படித்துவிட்டு வளைகுடா நாட்டில் பத்து வருடம் உழைத்துத் திரும்பியவருக்கு வரலாம். தொழிற்சாலையில் ஓய்வுபெற்று, கை சும்மா இருக்க முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு வரலாம். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைக்கும் வரலாம். மேஜைமேல் வைக்கிற அளவுக்குச் சின்ன மில்லிங் மெஷின்கள் இப்போது ஆன்லைனில் வரிசை கட்டி நிற்கின்றன. படத்தில் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல இருக்கும். விலையோ ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். தவறானதை வாங்கினால், வருடக்கணக்கில் சேர்த்த பணம் தாழ்வாரத்தில் துணி மூடிக் கிடக்கும். அதன்மேல் வடகம் காய வைக்கலாம். வேறு பிரயோஜனம் இல்லை.

குத்துவிளக்கும் கீ பள்ளமும்

லேத்துக்கும் மில்லிங்குக்கும் என்ன வித்தியாசம்? நாச்சியார்கோவில் குத்துவிளக்கை நினைத்துக்கொண்டால் போதும். வார்த்தெடுத்த பித்தளைத் தண்டைக் கடைசலில் சுழலவிட்டு, உளியைப் பக்கத்தில் கொடுத்து வளைவும் நெளிவும் கொண்டுவருவார்கள். அதுதான் லேத். அங்கே பொருள் சுற்றும்; கருவி சுற்றாது. அதனால் உருண்டையாக இருக்கிற எதையும் லேத் செய்துவிடும்.

சதுரம், தட்டையான முகம், பள்ளம், பல்சக்கரத்தின் பற்கள் என்று வந்தால் லேத் கையை விரித்துவிடும். அங்கே வருவது மில்லிங். கட்டர் சுற்றும், மேஜையில் இறுக்கிக் கட்டிய பொருள் முன்னும் பின்னும், இடமும் வலமும் மெதுவாக நகரும். ஷாஃப்ட்டில் கீ பள்ளம் வெட்டுவது இதன் அன்றாட வேலைகளில் ஒன்று. புல்லியின் துவாரத்துக்கு உள்ளே வெட்ட வேண்டிய எதிர்ப் பள்ளம் வேறு வேலை. அதற்கு ஸ்லாட்டிங் மெஷின் வேண்டும். மில்லிங் வாங்கிவிட்டால் கும்பகோணம் பஸ்ஸுக்கு மொத்தமாக முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, அந்தப் பள்ளம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? 30 மி.மீ. ஷாஃப்ட் என்றால், அளவு அட்டவணைப்படி கீயின் அகலம் 8 மி.மீ. ஷாஃப்ட்டில் பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. சாதாரணப் பொருத்தத்துக்கு அந்த 8 மி.மீ. அகலத்தில் 0.036 மி.மீ. வரை குறையலாம், கூடக் கூடாது. ஒரு தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை நிற்க வேண்டும். பள்ளம் கொஞ்சம் அகலமாகிவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கீ உள்ளே இருந்தபடி மெதுவாக ஆடி ஆடி இடத்தைப் பெரிதாக்கி, அடுத்த அறுவடையின் நட்டநடுவில் காலை வாரும்.

துளைபோடும் மெஷினில் முடியாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். வீட்டில் ஏற்கெனவே டிரில்லிங் மெஷின் இருக்கிறது, அதற்கடியில் நகரும் மேஜை ஒன்றை வாங்கிப் பொருத்தினால் மில்லிங் ஆகிவிடாதா? பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால், டிரில்லிங் மெஷின் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகப் பிறந்தது. அதன் பேரிங்குகளும் அப்படித்தான் அமைந்திருக்கும். மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வரும். டிரில் சக், குறுகும் முனையில் வெறும் பிடிப்பால் மட்டுமே நிற்பது. பக்கவாட்டில் தொடர்ந்து அதிர்ந்தால் அது கழன்று, சுழன்றுகொண்டே கீழே விழலாம். மில்லிங் மெஷினில் கட்டரைப் பிடித்திருக்கும் பாகத்தை, ஸ்பிண்டிலின் உச்சியிலிருந்து ஒரு நீளமான போல்ட் கீழே இறங்கி இழுத்துப் பிடித்திருக்கும். அந்த ஒரு போல்ட் இல்லாத எதையும் மில்லிங் என்று நம்ப வேண்டாம். மரத்தில், பிளாஸ்டிக்கில் ஏதோ செய்து பார்க்கலாம். இரும்பில் வேண்டவே வேண்டாம்.

சாய்ந்தால் போச்சு!

திருப்பனந்தாள் செஞ்சடையப்பர் கோயில் கதை அந்த வட்டாரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தாடகை என்னும் பெண் மாலை சாத்த வந்தபோது ஆடை நெகிழ, முழங்கைகளால் அதைப் பற்றிக்கொண்டு அவள் தவிக்க, மாலையை ஏற்க சிவலிங்கமே தலை சாய்த்தது. பின்னால் அந்தச் சாய்வை நிமிர்த்த அரசன் யானைகளைக் கட்டி இழுத்தும் முடியவில்லை. குங்கிலியக்கலய நாயனார் கயிற்றின் ஒரு முனையைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுத்தபோது நிமிர்ந்தது.

அங்கே சாய்ந்தது கருணை. மில்லிங் மெஷினின் தூண் சாய்ந்தால் அது நஷ்டம். தூண், மேஜைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் பள்ளத்தின் அடி ஒரு பக்கம் சரியும். தட்டையாக வர வேண்டிய முகம் லேசாகக் குழியும். இன்னொரு சாய்வும் உண்டு. கண்ணுக்குத் தெரியாதது. மெஷின் நிற்கும்போது நேராகத்தான் இருக்கும். கட்டர் இரும்பைத் தொட்டதும் தூண் பின்னால் வளையும். விட்டதும் திரும்பி வரும். அந்த நடுக்கம்தான் ‘கரகர’ என்று காதைத் துளைக்கும் சத்தமாகவும், வெட்டிய முகத்தில் அலை அலையான கோடுகளாகவும் வெளியே வருகிறது.

இந்த நடுக்கத்தைக் குறைப்பது மோட்டாரின் குதிரைசக்தி இல்லை. இரும்புதான். விளம்பரங்களில் வாட் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். பார்க்க வேண்டியது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எடையை. ஒரே அளவு மேஜை உள்ள இரண்டு மெஷின்களில் எது கனமோ அது நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், பத்துக்கு எட்டுத் தடவை சரியாக இருக்கும்.

ஏழு கிலோவிலிருந்து டன் வரை

சின்னதிலிருந்து வருவோம். ஜெர்மனியின் புரோக்ஸான் கம்பெனியின் எம்.எஃப். 70 வெறும் 7 கிலோ. நிமிடத்துக்கு 5,000 முதல் 20,000 சுற்று. சின்ன ரயில் பொம்மை, பித்தளை நகாசு, எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி செய்பவர்களுக்கு அழகான சாமான். ஷாஃப்ட் வேலைக்கு ஆகாது. காரணம் எளிது. சாதாரண இரும்பில் 10 மி.மீ. ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுதான் சுற்ற வேண்டும். 5,000-த்தில் விட்டால் கட்டரின் முனை கண்ணெதிரே நீலம் பாரித்து மழுங்கிவிடும்.

அடுத்தது, உலகம் முழுக்க வீட்டுப் பட்டறைகளில் அதிகம் காணப்படும் வகை. ஷாங்காயின் சீக் கம்பெனி செய்யும் எக்ஸ்-2. பல பெயர்களில், பல நிறங்களில் விற்பனைக்கு வரும். உள்ளே ஒரே மெஷின். சுமார் 50, 60 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கி மேஜைமேல் வைத்துவிடலாம். விலையும் கைக்கு எட்டும். கற்றுக்கொள்ள நல்ல வாத்தியார். ஆனால், இதன் பழைய மாடல்களில் இரண்டு தொல்லைகள். தூண் முழுவதும் அடியில் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கும். வேண்டும்போது இடம் வலமாகச் சாய்க்கலாம் என்பதை வசதியாகச் சொல்லி விற்பார்கள். மெஷினின் பலவீனமே அந்த இடம்தான். உள்ளே பிளாஸ்டிக் கியர் வேறு. கட்டர் எங்காவது சிக்கினால் பல் உதிரும். சாயாத, ஒரே பிடியாக நிற்கும் தூணும் பெல்ட் டிரைவும் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுக்கலாம். அப்போதும் இரும்பில் ஒரு தடவைக்கு அரை மி.மீ. ஆழம்தான் போக வேண்டும். 4 மி.மீ. பள்ளத்துக்கு எட்டு நடை. 8 மி.மீ. கட்டரை நேராக இறக்காமல், 6 மி.மீ. கட்டரால் நடுவில் வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினால் அளவு நிற்கும். பொறுமைசாலிகளுக்கு இதுவே போதும்.

இதற்கு மேலே சுமார் 100 கிலோவைத் தாண்டும் மெஷின்கள் வருகின்றன. டெல்டா வீடுகளில் பம்புசெட், பவர் டில்லர் உதிரிபாகம் செய்ய நினைப்பவருக்குப் பணத்துக்கும் வேலைக்கும் பொருத்தம் கூடும் இடம் இது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, பெல்ட் டிரைவ், சாயாத தூண் மூன்றும் இந்த எடையில் சேர்ந்து கிடைக்கும். நான்கு பேர் இருந்தால் ரேழி வழியாகப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்.

அதற்கும் மேலே தைவானின் ரோங் ஃபூ நிறுவனம் புகழ்பெறச் செய்த ஆர்.எஃப். 45 வகை. இதைப் பார்த்துச் செய்த மெஷின்கள் ஏராளம். சுமார் 300 கிலோ. இது மெஷின் மாதிரியே வெட்டும். ஒரு நடையில் இரண்டு மி.மீ. இறங்கும். செயின் பிளாக் இல்லாமல் இறக்க முடியாது. மாடி வீட்டுக்காரர்கள் மறந்துவிடலாம். இதே குடும்பத்தில் ஆர்.எஃப். 30 என்று ஓர் அண்ணன் உண்டு, விலை குறைவு. அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. அதன் தூண் உருண்டை. பெரிய கட்டரைக் கழற்றிச் சின்னதை மாட்ட ஹெட்டை உயர்த்தினால், அது தூணைச் சுற்றி லேசாகத் திரும்பிவிடும். அதுவரை பிடித்து வைத்த மையம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து மையம் தேட வேண்டும். ஒரே வேலையை ஒரே உயரத்தில் செய்பவருக்குப் பரவாயில்லை. பலதும் செய்பவருக்குத் தினசரித் தலைவலி.

கடைசியாக, பழைய மெஷின். 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி-யைக் கைக்கடிகாரமாகத்தான் பல குடும்பங்களுக்குத் தெரியும். பெயரிலேயே இருப்பது ‘மெஷின் டூல்ஸ்’தான், கடிகாரம் 1961-க்குப் பிறகு வந்தது. அதன் எஃப்.என். 2 மில்லிங் மெஷினில் கை பழகிய பழைய தொழிலாளர்கள் இன்றும் அதைப் பெருமையாகப் பேசுவார்கள். கோவையிலும் சென்னையிலும் பழைய மெஷின் வியாபாரிகளிடம் இவை வரும். புதுச் சின்ன மெஷின் விலைக்கே சில சமயம் கிடைத்துவிடும். ஆசை யாரைவிட்டது! ஆனால், எடை டன் கணக்கில். லாரி, கிரேன், கனமான கான்கிரீட் தளம் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் கணக்கு மாறும். மேஜை அதிகம் ஓடித் தேய்ந்திருப்பது நடுப்பகுதியில்தான். அங்கே ஆட்டத்தை எடுக்க இறுக்கினால், ஓரத்துக்குப் போகும்போது சிக்கும். வாசலில் ஷெட் போட இடமும், பழுது பார்க்கத் தெரிந்த கையும் உள்ளவர்களுக்கு மட்டும் இது யோகம்.

மெஷின் பாதி, சாமான் பாதி

கையில் இருக்கும் பணம் அத்தனையையும் மெஷினில் போட்டுவிட்டு வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஒதுக்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்காவது சாமான்களுக்கு வேண்டும். நல்ல கனமான மெஷின் வைஸ் ஒன்று. மேஜையில் பொருளைக் கட்ட கிளாம்ப் செட். கட்டர் பிடிக்க ஈ.ஆர். 32 கோலெட் சக். காந்த அடியுடன் ஒரு டயல் கேஜ். பிறகு கட்டர்கள். மலிவான கலர்ப்பெட்டி செட்டில் இருபது கட்டர் வருவதைவிட, நல்ல கம்பெனியின் 6, 8, 10 மி.மீ. மூன்று கட்டர்கள் மேல். நம் சென்னையிலேயே 1873-ல் தொடங்கிய அடிசன் கம்பெனி வெட்டுக் கருவிகளுக்குப் பெயர் பெற்றது.

ஸ்பிண்டிலின் வாய் எந்த வகை என்பதையும் கேட்க வேண்டும். எம்.டி. 3 என்றால் லேத் சாமான் விற்கும் கடைகளிலேயே பொருத்தமானவை கிடைத்துவிடும். ஆர். 8 என்பது அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் மெஷின்களோடு பரவியது. கழற்றி மாட்ட சுலபம். ஆனால், நம் பக்கத்துக் கடைகளில் தேடி அலைய வேண்டும். கைப்பிடிச் சக்கரத்தின் அளவுக் கோடுகள் மி.மீ-யா, அங்குலமா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்குள் வரப்போகிறது...

இது பட்டறை மட்டும் இல்லை, வீடும்கூட. மில்லிங் மெஷின் சுருள் சுருளாக இல்லாமல், ஊசி ஊசியாக இரும்பைத் தெறிக்கும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் கூடத்தில், பாய் விரித்துப் படுக்கும் அறையில் இதை வைக்கவே கூடாது. கதவு போட்ட தனி இடம் வேண்டும். பட்டறைச் செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. பிசிறைக் கையால் தள்ளக் கூடாது, பிரஷ்தான். கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது. கட்டர் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். வேட்டி, லுங்கி, துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் கிட்டே வரக் கூடாது. பின்னல் போட்ட பிள்ளைகள் கற்றுக்கொள்ள வந்தால் முடியை முடிந்து கட்டிவிட்டுத்தான் சுவிட்ச்.

சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடுகளில் சத்தமும் ஒரு விஷயம். கியர் ஹெட் மெஷின் இரைச்சல் போடும். பெல்ட் டிரைவ் சாது. மதியத் தூக்கம் போடும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் தயவு வேண்டுமென்றால் பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரே இரவில் மேஜை செம்பழுப்பாகிவிடும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் சாப்பிட்டுக் கை கழுவுவதுபோல வர வேண்டும்.

கரன்ட் விஷயத்தில் சின்ன மெஷின்கள் வீட்டின் சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டிலேயே ஓடும். பழைய மெஷினின் த்ரீ பேஸ் மோட்டாரைக்கூட, சின்ன குதிரைசக்தியாக இருந்தால், வி.எஃப்.டி என்ற கருவி வைத்து சிங்கிள் பேஸில் ஓட்டலாம். பொழுதுபோக்கு தாண்டி, ஊராருக்கு வேலை செய்து காசு வாங்க ஆரம்பித்தால் வீட்டு இணைப்பு செல்லாது. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கென்று மின்வாரியத்தில் தனிக் கட்டண வகை இருக்கிறது. இலவச பம்புசெட் கரன்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

தொழிலாகவே செய்ய நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பி.எம்.ஈ.ஜி.பி திட்டத்தில் கிராமப்புறத் தொழிலுக்குப் பொதுப் பிரிவினருக்கு 25 சதவிகிதமும், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர் உள்ளிட்டோருக்கு 35 சதவிகிதமும் மானியம் என்பது அதன் விதி. கடன் அனுமதி வரும் முன்பே மெஷினை வாங்கிவிட்டு ரசீதோடு போய் நின்றால் சிக்கல்.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

கோவை கொடிசியாவில் நடக்கும் இன்டெக், சென்னையில் நடக்கும் ஆக்மி போன்ற கண்காட்சிகளில் பல மெஷின்களை ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்கலாம். படத்தைப் பார்த்து வாங்குவதைவிட ஒரு ரயில் டிக்கெட் லாபம்.

போகும்போது சொந்த டயல் கேஜைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். கேஜை ஸ்பிண்டிலில் மாட்டி, அதன் முனை மேஜையைத் தொடும்படி வைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால், தூணின் சாய்வு நாலு திசையிலும் முள்ளில் தெரிந்துவிடும். 100 மி.மீ. தூரத்தில் 0.02 மி.மீ-க்குள் இருந்தால் வீட்டு மெஷினுக்கு நல்ல மார்க். இடவலச் சாய்வு பரவாயில்லை. தூணின் அடியில் தகடு வைத்தாவது சரிசெய்யலாம். முன்பின் சாய்வும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதல் பாடு. அடுத்து, கேஜை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்டைக் கையால் மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். கை பலத்துக்கே முள் ஓடினால், கட்டரின் பலத்துக்கு எவ்வளவு ஓடும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கைப்பிடிச் சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றிவிட்டுத் திருப்பும்போது, மேஜை நகராமல் சக்கரம் மட்டும் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புது மெஷினிலும் இது கொஞ்சம் இருக்கும். கால் சுற்றுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும்.

பைக்குள் ஒரு பழைய ஷாஃப்ட் துண்டும் இருக்கட்டும். அதில் ஒரு கீ பள்ளம் வெட்டிக் காட்டச் சொல்லலாம். சத்தத்தைக் காது கேட்கும், கோடுகளைக் கண் பார்க்கும், 8 மி.மீ. கீயைச் செருகினால் கை சொல்லிவிடும். “அதெல்லாம் இங்கே ஓட்டிக் காட்ட முடியாது சார், கியாரன்டி இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்று கடைக்காரர் சொன்னால், ஷாஃப்ட் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.